மாமாவின் ஈரலும் பல்லியின் வாலும்

உச்சிப்புளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கேட்ட கேள்வி இது. அவளுடைய மாமா தினமும் சாயங்காலம் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். "ஈரல் கெட்டுப்போயிரும் மாமா" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதற்கு அவர், "அட போத்தா! ஈரலு பல்லி வாலு மாதிரி. அத்துப்போனாலும் தானா வளந்துக்கிரும்" என்று சிரித்தாராம். "மாமா சொல்றது உண்மையா சார்? ஈரல் திரும்ப வளரும்னு நானும் படிச்சிருக்கேனே?" என்று கேட்கிறாள்.

மாமா சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லி முடித்திருப்பேன். பாதி உண்மையாக இருப்பதால் நாலு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஈரலைப் பார்த்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு ஈரல் தொங்குமே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? கருஞ்சிவப்பு நிறம். மேல்பக்கம் வழவழவென்று இருக்கும். கத்தியை வைத்தால் போதும், அழுத்தாமலேயே இறங்கும். தொடைக்கறியில் பல்லில் மாட்டுகிற நார் இதில் தட்டுப்படாது. விரலால் அமுக்கினால் அமுங்கும். இந்த மென்மையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் ஈரலும் இதே நிறம், இதே மென்மைதான். வலது பக்க விலா எலும்புகளுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. பெரியவர்களுக்கு ஒன்றரைக் கிலோவை ஒட்டி எடை இருக்கும். உடம்புக்குள் இருக்கும் உறுப்புகளில் இதுதான் பெரியது. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் இதன் வழியாகப் போகிறது. அதில் முக்கால் பங்கு குடல் பக்கத்திலிருந்து நேரே இங்கே வருகிற ரத்தம். நீங்கள் சாப்பிட்ட இட்லி, விழுங்கிய காய்ச்சல் மாத்திரை, கெட்டுப்போன மீனில் இருந்த நஞ்சு என்று எது குடலில் உறிஞ்சப்பட்டாலும், பெரும்பாலும் முதலில் ஈரலைத்தான் சந்திக்கும். வேண்டியதைச் சேமிப்பதும், வேண்டாததை உடைப்பதும், பித்தநீர் சுரப்பதும் ஈரலின் வேலை. அடிபட்டால் ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்து தருவதும் அதுதான். இவ்வளவு நஞ்சையும் முதல் ஆளாக வாங்கிக்கொள்ளும் உறுப்பு அடிக்கடி காயப்படாமல் இருக்குமா? அதனால்தான் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் திறமை மற்ற உள்ளுறுப்புகளைவிட அதற்கு அதிகம்.

எவ்வளவு அதிகம் என்று 1931ஆம் ஆண்டில் அளந்து பார்த்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலிகளின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தார்கள். மிச்சம் இருந்த ஒரு பங்கு ஓரிரு வாரத்துக்குள் பழைய எடையை எட்டிவிட்டது. அதோடு வளர்ச்சியும் நின்றுவிட்டது. எனக்கு வளர்ந்ததைவிட, சரியான அளவில் நின்றதுதான் பெரிய ஆச்சரியம். நிறுத்தத் தெரியாமல் பெருகும் செல்களுக்குப் பெயர் புற்றுநோய். எலியின் ஈரலுக்கு எப்போது போதும் என்று தெரிந்திருக்கிறது.

எலியை விடுங்கள், நம் ஊர்க் கதைக்கு வருவோம். காஞ்சிபுரத்தில் ஒரு குழந்தை பித்தநாளக் குறைபாட்டோடு பிறந்தது. பித்தநீர் வெளியேற வழியில்லாமல் அதன் ஈரல் கெட்டுக்கொண்டே வந்தது. இரண்டு வயதுகூட நிரம்பாத நிலையில், 1998 நவம்பரில், டெல்லி அப்போலோ மருத்துவமனையில் அதன் அப்பாவின் ஈரலிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் குழந்தைக்குப் பொருத்தினார்கள். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை இதுதான். துண்டு கொடுத்தவர், பெற்றவர் இரண்டு பேருக்குமே ஈரல் வளரும் என்பதை நம்பித்தான் இப்படி ஒரு சிகிச்சையே நடக்கிறது. அந்தக் குழந்தை இப்போது என்ன செய்கிறது தெரியுமா? வளர்ந்து, எம்.பி.பி.எஸ். படித்து, டாக்டராகிவிட்டது!

ஆகவே ஈரல் வளரும். அதில் மாமாவோடு எனக்குச் சண்டை இல்லை. பல்லி வால் என்று சொன்னாரே, அங்கேதான் முதல் கோளாறு.

பல்லிக்கு வால் அறுந்தால், அறுந்த இடத்திலிருந்தே புது வால் முளைக்கும். உச்சிப்புளிப் பக்கத்துக் கடற்கரையில் இன்னும் பெரிய வித்தைக்காரர் ஒருவர் இருக்கிறார்: கடல் அட்டை. ஆபத்து என்று தோன்றினால் சில வகை அட்டைகள் தங்கள் குடலையே வெளியே தள்ளிவிடும். பிறகு சில வாரங்களில் உள்ளே புதுக் குடல் உருவாகிவிடும். (வித்தையைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று யாரும் கடலில் இறங்கிவிடாதீர்கள். 2001 முதல் கடல் அட்டை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடித்தால் வழக்குதான்.) ஈரல் இப்படி முளைப்பதில்லை. வெட்டி எடுத்த துண்டு எடுத்ததுதான், அது திரும்ப வராது. மிச்சம் இருக்கும் பகுதியில் உள்ள செல்கள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரிந்து, அந்தப் பகுதியே பருத்து, போன எடையை ஈடுகட்டும். பழைய வடிவம் திரும்பாது, வேலைத்திறன் திரும்பிவிடும்.

அதாவது, மிச்சம் இருக்கும் செல்கள் நல்ல செல்களாக இருந்தால்தான் ஈரல் வளரும். டெல்லியில் ஈரல் கொடுத்த அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு துண்டு போனது, மிச்சம் முழுவதும் ஆரோக்கியமாக இருந்தது. குடிப்பவருக்கு ஒரு துண்டும் போகவில்லை. ஆனால் சாராயம் ரத்தத்தோடு கலந்து ஈரலின் மூலை முடுக்கெல்லாம் போகிறது. ஒதுங்கி நின்று வளர்வதற்கு 'மிச்சம்' என்று ஒன்று எங்கே இருக்கிறது?

வளர்வது என்றதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் தாத்தாவுக்கு எழுபது வயது என்றால், அவருடைய ஈரலுக்கு என்ன வயது? மூன்றுக்கும் குறைவு! 1950களிலும் 60களிலும் வல்லரசு நாடுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதனை செய்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற அணு கூடியது. அந்தச் சோதனைகளை நிறுத்த 1963இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகு அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. ஒரு செல் பிறக்கும்போது காற்றில் எவ்வளவு கார்பன்-14 இருந்ததோ அந்த அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர விஞ்ஞானிகள் இந்தப் பதிவைப் படித்து, 20 வயதுக்காரர் ஆனாலும் 84 வயதுக்காரர் ஆனாலும் ஈரல் செல்களின் சராசரி வயது மூன்றைத் தாண்டவில்லை என்று 2022இல் வெளியிட்டார்கள். அணுகுண்டால் உலகத்துக்கு விளைந்த நன்மைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று.

இனி மாமாவின் பாட்டிலுக்கு வருவோம். பாட்டிலுக்கு முன்னால் பனைமரம்.

ராமநாதபுரத்திலிருந்து ரயிலில் உச்சிப்புளி தாண்டி மண்டபம் வரை போனால் கண்ணில் படுவதெல்லாம் பனைதான். பனையேறி பாளையைச் சீவிக் கலயம் கட்டுவதற்கு முன், கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் தடவுகிறார்? பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் 100 மில்லி லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் சர்க்கரை இருக்கும். காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் ஈஸ்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை காத்துக்கொண்டிருக்கும். சர்க்கரையைக் கண்டதும் அது தின்று பெருகி இரண்டு பொருள்களை வெளியே விடும். ஒன்று கார்பன் டை ஆக்சைடு, கள் நுரைப்பது இதனால்தான். இன்னொன்று எத்தனால் என்ற சாராயம். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உள்ளதாக்கிவிடும். காரத்தில் ஈஸ்ட்டால் தழைக்க முடியாது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் கிடைப்பது பதநீர், தடவாத கலயத்தில் சில மணி நேரத்தில் கள். ஒரே மரம், ஒரே பாளை. கள் இறக்கத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை இருக்கிறது. அதை நீக்க வேண்டும் என்று வாதாடுவோரும் உண்டு. அந்த வழக்கைப் பெரியவர்கள் பேசிக்கொள்ளட்டும். ஈரலைப் பொறுத்தவரை கள்ளில் இருப்பதும் பிராந்தியில் இருப்பதும் ஒரே எத்தனால், அளவுதான் வேறு.

கணக்கு நோட்டை எடுங்கள். மாமா குடிப்பது ஒரு குவார்ட்டர் என்று வைத்துக்கொள்வோம். குவார்ட்டர் என்றால் 180 மில்லி லிட்டர். லேபிளில் சாராயத்தின் அளவு 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் உள்ளே இருக்கும் எத்தனால் சுமார் 77 மில்லி லிட்டர். எத்தனால் தண்ணீரைவிட லேசானது, ஒரு மில்லி லிட்டர் 0.79 கிராம்தான். பெருக்கினால் ஏறக்குறைய 61 கிராம் வரும். சராசரி மனிதரின் ஈரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் எத்தனாலைத்தான் உடைக்கும். 61ஐ வகுத்துப் பாருங்கள்: ஆறு மணி நேரத்திலிருந்து ஒன்பது மணி நேரம் வரை! மாமா ராத்திரி ஒன்பது மணிக்குக் குடித்து முடித்துக் குறட்டை விட்டால், அவருடைய ஈரல் விடிய விடிய வேலை பார்க்கிறது. மோர், எலுமிச்சைச் சாறு, கடுங்காப்பி எதைக் கொடுத்தாலும் இந்த வேகம் கூடாது.

உடைப்பது என்று சும்மா சொல்லிவிட்டேன். எத்தனாலை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. இது எத்தனாலைவிட மோசமான நஞ்சு. செல்லுக்குள் இருக்கும் புரதங்களிலும் டி.என்.ஏ.விலும் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கும். அடுத்த படியில்தான் இது அசிட்டேட் என்ற சாதுவான பொருளாகிறது. கொஞ்சமாக வந்தால் இரண்டாவது படி உடனே முடிந்துவிடும். தினமும் நிறைய வந்தால் முதல் படியின் நஞ்சு தேங்கும். போதாக்குறைக்கு, தினசரிக் குடிகாரரின் ஈரல், சாராயத்தை உடைக்கும் இன்னொரு நொதியையும் வேலைக்கு இழுத்துவிடும். அதனால் சாராயம் கொஞ்சம் வேகமாக உடையும். "எவ்வளவு அடிச்சாலும் நான் ஸ்டெடி" என்று மாமா பெருமைப்படுவதில் இதற்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த நொதி வேலை செய்யும்போதெல்லாம் செல்லைத் தாக்கும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் கிளம்பும். தள்ளாடாமல் நிற்பவரின் ஈரல் கூடுதலாக அடிவாங்குகிறது.

முதலில் ஈரல் செல்களில் கொழுப்புத் தேங்கும். நிறையக் குடிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இது வந்துவிடுகிறது. வலிக்காது, வெளியே எந்த அடையாளமும் இருக்காது. குடியை நிறுத்தினால் சில வாரங்களில் சரியாகியும் விடும். நிறுத்தாவிட்டால் சிலருக்கு அழற்சி வரும். அதற்கும் அடங்காவிட்டால் தழும்பு.

இந்தத் தழும்புக் கதையில் மீன் எண்ணெய் வருகிறது. மீன் ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ நிறைய உண்டு என்று படித்திருப்பீர்கள். நம் உடம்பிலும் வைட்டமின் ஏ பெரும்பகுதி ஈரலில்தான் சேமிக்கப்படுகிறது. அதற்கென்றே நட்சத்திர வடிவில் தனிச் செல்கள் இருக்கின்றன. குப்பர் என்ற ஜெர்மன் அறிஞர் 1876இல் அவற்றைப் பார்த்தார். சாதுவாக வைட்டமினைக் காத்துக்கொண்டிருக்கும் இந்தச் செல்கள், பக்கத்துச் செல்கள் தொடர்ந்து அடிபட்டால் குணம் மாறிவிடும். வைத்திருந்த வைட்டமினை எல்லாம் இழந்துவிட்டு, கொலாஜன் என்ற நாரைச் சுரக்க ஆரம்பிக்கும். காயத்தை மூடத்தான் சுரக்கின்றன, கெட்ட எண்ணம் இல்லை. முழங்காலில் சிராய்த்தால் தழும்பு வருவது போலத்தான். காயம் ஒருநாளில் முடிந்தால் நாரும் கரைந்துவிடும். தினமும் காயம் என்றால் தினமும் நார்.

மண்டபத்துக் கரையில் வலை கட்டுபவரைப் பாருங்கள். வலை கிழிந்தால் அதே கண் அளவில், அதே நூலில் முடிச்சுப் போட்டுச் சரிசெய்வார். கிழிசலில் சாக்குத் துணியை வைத்துத் தைத்தால் ஓட்டை அடையும், ஆனால் தண்ணீர் புகுந்து போகாது. ஈரல் தன் செல்களைப் பெருக்கிச் சரிசெய்வது முதல் வகை. நாரை வைத்து மூடுவது சாக்குத் துணி. நார் நிறைந்த ஈரலில் ரத்தம் புகுந்து போக முடியாமல் பின்னால் தேங்கும். வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது, உணவுக்குழாயின் ரத்தக்குழாய்கள் புடைத்து ரத்த வாந்தி எடுப்பது எல்லாம் இதனால்தான். கறிக்கடை ஈரலின் மென்மையை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, இந்த ஈரல் அதற்கு நேர்மாறு. முடிச்சு முடிச்சாக, கெட்டியாக, சுருங்கியிருக்கும். டாக்டர்கள் இதைச் சிரோசிஸ் என்பார்கள். பல ஆண்டுகள் மிகுதியாகக் குடிப்பவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் இந்த நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

சரி, நார் ஒரு பக்கம் இருக்கட்டும். செல்கள் பெருகித்தானே ஈரல் வளர்கிறது? அந்த வேலையை அவை ஏன் செய்வதில்லை? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அவினாஷ் கல்சோத்ரா என்ற உயிர்வேதியியலாளரின் குழுவினர், டியூக் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து இதைத் தேடினார்கள். 2025இல் விடை வெளியானது.

ஆரோக்கியமான ஈரலில் அடிபட்டால், செல் தன் அன்றாட வேலையை நிறுத்திவிட்டு, கருவில் இருந்தபோது இருந்த பருவத்துக்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போகும். அந்தப் பருவத்தில்தான் அதனால் பிரிந்து பெருக முடியும். பெருகி முடித்ததும் மறுபடி முதிர்ந்து வேலைக்குத் திரும்பும். குடியால் கெட்ட ஈரல்களில் செல்கள் இந்தப் பயணத்தைத் தொடங்குகின்றன, ஆனால் முடிப்பதில்லை. பாதி வழியில் நின்றுவிடுகின்றன. பழைய வேலையும் பார்ப்பதில்லை, பெருகுவதும் இல்லை. இவை வேலை பார்க்காததால் மற்ற செல்களின் பாரம் கூடுகிறது. அவையும் பின்னோக்கிப் போய் அதே இடத்தில் மாட்டிக்கொள்கின்றன.

ஏன் மாட்டுகின்றன? மரபணுவிலிருந்து செல் எடுக்கும் ஆர்.என்.ஏ. நகலை அப்படியே பயன்படுத்த முடியாது. வேண்டாத பகுதிகளை வெட்டி, வேண்டியவற்றை ஒட்டித்தான் அதிலிருந்து புரதம் செய்ய வேண்டும். நோயுற்ற ஈரலில் இந்த வெட்டு ஒட்டு ஆயிரக்கணக்கான மரபணுக்களில் பிசகியிருந்தது. செல்லின் உட்கருவுக்குள் போய் 'பெருகு' என்று ஆணையிட வேண்டிய புரதங்கள் சில உள்ளே போக முடியாமல் வெளியே நின்றன. சரியாக வெட்டி ஒட்ட உதவும் இ.எஸ்.ஆர்.பி.2 என்ற புரதம் அந்த ஈரல்களில் குறைந்துபோயிருந்தது. அழற்சியின்போது சுற்றியிருக்கும் செல்கள் விடும் ரசாயனங்கள்தான் அதை அமுக்கிவிடுகின்றன. அந்த அழற்சிச் சைகையை ஆய்வுக்கூடத்தில் தடுத்துப் பார்த்தபோது இ.எஸ்.ஆர்.பி.2 திரும்பியது, வெட்டு ஒட்டும் சீரானது. நாளை ஒரு மருந்துக்கு இது வழிகாட்டலாம். இன்று மருந்துக் கடையில் கிடைக்காது.

ஆக, மாமாவுக்கான பதில் இதுதான்: வெட்டிய ஈரல் வளரும், சாராயத்தில் ஊறும் ஈரல் வளராது. ஈரலுக்கு இருக்கும் வளரும் சக்தியை நம்பித்தான் அவர் குடிக்கிறார். சாராயம் கெடுப்பது அந்தச் சக்தியையே.

இதைக் கேட்டதும் அவர், "அப்போ எல்லாம் போச்சா?" என்று கேட்கலாம். போகவில்லை. கொழுப்பு நிலையில் நிறுத்தினால் ஈரல் மீண்டுவிடும். தழும்பு தொடங்கிய பிறகு நிறுத்தினாலும் நார் ஓரளவு கரைவதுண்டு. சிரோசிஸ் வந்தவர்கள்கூட நிறுத்தினால், நிறுத்தாதவர்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் மாற்று ஈரல்தான் வழி. நம் மாநிலத்தில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே அந்த அறுவைச் சிகிச்சை நடக்கிறது. ஆனால் கொடுப்பவர் கிடைக்க வேண்டும், காத்திருக்க உடம்பு தாங்க வேண்டும். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு, மஞ்சள் காமாலை தெளிந்ததும் பழையபடி கடைக்குப் போகிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கீழாநெல்லியால் சிரோசிஸ் நாரைக் கரைக்க முடியாது.

பல ஆண்டு தினமும் குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, குழப்பம் வரலாம். சில சமயம் உயிருக்கே ஆபத்து. அதனால் நிறுத்த நினைப்பவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். உச்சிப்புளிக்காரர்களுக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான்.

கடைசியாக, கேள்வி கேட்ட பெண்ணுக்கும், அவளைப் போலச் சாயங்காலமானால் வாசலைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும் மற்றவர்களுக்கும். மாமாவோ அப்பாவோ குடிப்பது உங்களால் அல்ல. பாட்டிலை ஒளித்துவைப்பதும், குடித்திருப்பவரோடு ஈரல் பற்றி வாதாடுவதும் உங்கள் வேலை அல்ல. காலையில் தெளிவாக இருக்கும்போது இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிடுங்கள், போதும். வீட்டில் அடி, சண்டை, பயம் என்றால் நம்பிக்கையான டீச்சரிடம் சொல்லுங்கள், அல்லது 1098க்கு போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது. காசு கிடையாது, இரவிலும் எடுப்பார்கள்.